பத்தடி தூரத்துக்கு ஒரு வண்டி

ஆடி மாதத்தில் காங்கேயம் பக்கம் காற்று சும்மா இருக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, பல்லடம், தாராபுரம், காங்கேயம் என்று வழிநெடுக மண்ணை வாரிக்கொண்டு வரும். காற்றாலைக்காரர்களுக்கு அது வருமானம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பவுடர் கோட்டிங் வேலை தொடங்கியவர்களுக்கு அது தலைவலி.

அப்படி ஒரு கொட்டகையைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணவருக்கு கிரில், கேட் வெல்டிங்கில் பல வருடப் பழக்கம். மனைவி கணக்கு வழக்கோடு, இரும்பைக் கழுவிக் காயவைத்துக் கொக்கியில் மாட்டும் வேலையையும் பார்ப்பவர். தகரமும் ராக்வூலும் வைத்து இருவருமாக ஓர் ஓவன் கட்டிவிட்டார்கள். பவுடர் கன் வாங்கியாகிவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு புது வீட்டுக்கு 12 ஜன்னல் கிரில் ஆர்டர். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம்.

முதல் கிரிலுக்குப் பவுடர் அடித்து முடித்தார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரே சீராக வந்திருந்தது. ஓவன் பத்தடி தள்ளி இருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கொட்டகை வாசலைத் தாண்டும்போது ஒரு காற்று.

"ஏனுங்க, இந்தப் பக்கம் பூராம் வெறும் இரும்பு தெரியுதுங்க!"

"அட, உங்கையி பட்ட பக்கமும் போயிருச்சு பாரு கண்ணு."

காற்று அடித்த பக்கம் பவுடர் பறந்திருந்தது. விரல் பட்ட இடம் பளிச்சென்று தெரிந்தது. ஓவன் வாசல்படியில் இடித்த அதிர்ச்சியில் மூலைகளில் இருந்ததும் கொட்டிவிட்டது. மிச்சத்தை ஊதித் தள்ளிவிட்டு முதலில் இருந்து அடிக்க வேண்டியதாயிற்று.

கன்னில் குறை இல்லை. பவுடரில் குறை இல்லை. ஓவனும் சரியாகத்தான் சூடாகிறது. நடுவில் இருந்த பத்தடிதான் காலை வாரியது. வீட்டில் இந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் கன் எது, ஓவன் எவ்வளவு பெரிது என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பொருளைக் கொண்டு போகும் உருட்டு வண்டியை மட்டும் கடைசியில், மிச்சம் கிடக்கும் இரும்பில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வேலை கெடுவது அங்கேதான்.

ஒட்டவில்லை, தொற்றிக்கொண்டிருக்கிறது

பெயின்ட் ஈரமாக இருப்பதால் அடித்த உடனே ஒட்டிக்கொள்ளும். பவுடர் அப்படி இல்லை. ரெசினும் நிறமியும் கலந்த உலர்ந்த மாவு அது. கன்னிலிருந்து வெளியே வரும்போது அதற்கு மின்னேற்றம் கிடைக்கிறது. எர்த் செய்யப்பட்ட இரும்பு அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஓவனுக்குள் போய் உருகும் வரை அந்தப் பிடிப்பு மட்டுமே துணை. சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளுமே, அந்த அளவு பிடிப்புதான்.

ஓவனில் இரும்பின் சூடு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, பவுடர் நிறுவனம் சொல்லும் நேரம், பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம், அங்கேயே நின்றால் பவுடர் உருகி, பரவி, இறுகிவிடும். பிறகு ஆணியால் கீறினாலும் சுலபத்தில் வராது. கடைசியில் நிற்கும் படலம் சுமார் 60 முதல் 80 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்.

1950-களில் ஜெர்மனியில் எர்வின் ஜெம்மர் என்பவர் இந்த முறைக்கு வழி போட்டபோது, சூடாக்கிய இரும்பையே பவுடர் தொட்டிக்குள் முக்கி எடுத்தார்கள். சூட்டில் பவுடர் உருகி ஒட்டியதால் உதிரும் பேச்சே இல்லை. 1960-களில் மின்னேற்றித் தெளிக்கும் முறை பரவியபோதுதான் மெல்லிய, சீரான பூச்சு சாத்தியமானது. கூடவே, ஓவன் வரை கைபடாமல் கொண்டு போக வேண்டிய கட்டாயமும் வந்தது. பெரிய தொழிற்சாலைகளில் தலைக்கு மேலே ஓடும் கன்வேயர் சங்கிலி அதைப் பார்த்துக்கொள்கிறது. ஒருமுறை கொக்கியில் மாட்டினால், கழுவி, காய்ந்து, பவுடர் வாங்கி, வெந்து வெளியே வரும் வரை யாரும் அதைத் தொடுவதில்லை. வீட்டுப் பட்டறையில் அந்தச் சங்கிலிக்குப் பதிலாக நிற்பது இந்த வண்டிதான். வண்டியில் மாட்டியபடியே பவுடர் அடித்து, அப்படியே ஓவனுக்குள் தள்ளி, அப்படியே வெளியே இழுக்க வேண்டும்.

கனமான வண்டி கரண்ட் குடிக்கும்

வெல்டிங் தெரிந்தவர்கள் எதையும் கெட்டியாகச் செய்வார்கள். கேட்டுக்கு அது நல்லது. ஓவன் வண்டிக்கு அல்ல. ஏனென்றால், பொருளோடு சேர்ந்து வண்டியும் ஒவ்வொரு தடவையும் வேக வேண்டும்.

4 அடி அகலம், 4 அடி ஆழம், 6 அடி உயரம் உள்ள ஓவன் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் சூடான காற்று ஓட இடம் வேண்டும் என்பதால், வண்டி மூன்றேகால் அடி அகலம், 3 அடி ஆழம், 5 அடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அடிச்சட்டம், நான்கு கால்கள், மேல்சட்டம் எல்லாம் சேர்த்தால் சுமார் 45 அடி டியூப். 25 மில்லிமீட்டர் சதுர டியூப், 2 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்தால் மொத்த எடை 20 கிலோவுக்குள் முடியும். கெட்டியாக இருக்கட்டும் என்று 40 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிமன் டியூபுக்குப் போனால் 48 கிலோ.

30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குப் போக, 20 கிலோ இரும்புக்குச் சுமார் அரை யூனிட் மின்சாரம் தேவை. 48 கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் மேலே. 6 கிலோவாட் ஹீட்டர் உள்ள ஓவனில், இந்த அதிக எடையைச் சூடாக்க மட்டும் ஒவ்வொரு தடவையும் ஆறேழு நிமிடம் கூடுதலாக ஆகும். ஒரு நாளைக்கு எட்டு ஈடு போட்டால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அந்தச் சூட்டால் கிரிலுக்கு ஒரு பயனும் இல்லை.

மெல்லிய டியூப் தாங்குமா என்ற சந்தேகம் வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள 25 மில்லிமீட்டர் டியூபில் 50 கிலோவைப் பரவலாக மாட்டினாலும் 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தொய்யும். வண்டியின் அடியில் தகடு அடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே போகும் சூடான காற்றை அது மறைத்துவிடும்.

டியூப் வாங்கும்போது கறுப்பு இரும்பாகவே வாங்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் துருப்பிடிக்காதே என்று ஆசைப்படக் கூடாது. அதை வெல்டிங் செய்யும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால், அன்று இரவே குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம்.

இன்னொன்று பலரும் மறப்பது. டியூபின் இரண்டு முனையையும் முழுதாக வெல்டிங் வைத்து மூடிவிட்டால், உள்ளே மாட்டிய காற்று சூட்டில் அழுத்தம் ஏறும். துளித் தண்ணீர் இருந்தால் நீராவியாகி இன்னும் ஆபத்து. ஒவ்வொரு டியூபிலும் கீழ்ப்பக்கமாக 4 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டுவிட்டால் போதும்.

சட்டத்தை முதலில் டேக் மட்டும் வைத்து நிறுத்தி, இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் சட்டம் சதுரமாக நிற்கிறது என்று அர்த்தம். பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி வெல்டிங் வைத்தால் முறுக்கிக்கொள்ளாது. முறுக்கிய வண்டி மூன்று சக்கரத்தில்தான் நிற்கும், நகர்த்தும்போதெல்லாம் ஆடும், ஆடினால் பவுடர் உதிரும்.

சக்கரத்தில் இருக்கிறது சங்கதி

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர், பாலியூரித்தேன், நைலான் சக்கரங்கள் பார்க்க அழகு, உருட்ட மெத்து. 200 டிகிரியில் அவை நிற்காது. ரப்பர் நாறும், பாலியூரித்தேன் கழன்று வரும், நைலான் சுமையில் நசுங்கும். இந்த இடத்துக்கு வார்ப்பிரும்பு அல்லது எஃகுச் சக்கரம்தான்.

சக்கரம் மட்டும் இரும்பாக இருந்தால் போதாது, உள்ளே இருக்கும் கிரீஸையும் பார்க்க வேண்டும். சாதாரண கிரீஸ் இந்தச் சூட்டில் இளகி ஒழுகும், புகையும். அந்தப் புகை கிரில் மேல் படிந்தால் பூச்சு கெடும். அதனால் பேரிங் இல்லாமல், லேத்தில் கடைந்த கன்மெட்டல் புஷ் போட்டு, கிராஃபைட் பொடியைத் தூவி ஓட்டுவது நல்லது. பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான். வைக்கோல் சாம்பலையும் விளக்கெண்ணெயையும் குழைத்து அச்சுக்கு வண்டி மை போட்ட ஊர் இது. இங்கே எண்ணெயே ஆகாது என்பதுதான் வித்தியாசம். சிலிக்கான் ஸ்ப்ரே கொட்டகைக்குள்ளேயே வரக் கூடாது. அது காற்றில் துளி கலந்து இரும்பில் பட்டாலும், வெந்த பூச்சில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக விழும்.

சுமையைப் பொறுத்தவரை ஒரு கணக்கு உண்டு. வண்டியும் பொருளுமாக 100 கிலோ என்றால், நான்கு சக்கரத்துக்குத் தலா 25 கிலோ என்று கணக்குப் போடக் கூடாது. மேடு பள்ளத்தில் சில நொடிகள் இரண்டு சக்கரம்தான் முழுச் சுமையையும் தாங்கும். ஒவ்வொன்றும் 50 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும்.

மேட்டைக் கடக்கத் தண்டவாளம்

பவுடர் அடிக்கும் இடத்திலிருந்து ஓவன் வரை தரை சமமாக இருப்பது அபூர்வம். ஓவன் வாசலில் ஒரு அங்குல உயரப் படி இருந்தாலே போதும், இரும்புச் சக்கரம் அதில் ஏறும்போது வண்டி குலுங்கும். இதற்குச் சுலபமான வழி, ஆங்கிள் கம்பியைக் கவிழ்த்துப் போட்டு இரட்டைத் தண்டவாளம் அமைப்பது. தள்ளும் கேட்டுகளுக்குப் போடும் பள்ளம் வைத்த சக்கரம் அதன் மேல் அப்படியே உட்காரும். திரும்பவும் திரும்பாது, இடிக்கவும் இடிக்காது. அந்தச் சக்கரத்தில் பேரிங்கும் கிரீஸும் இருந்தால், கழற்றிச் சுத்தமாகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கிராஃபைட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஓவனுக்கு உள்ளே இருக்கும் தண்டவாளத்தை இரண்டு முனையிலும் வெல்டிங் வைத்து இறுக்கிவிடக் கூடாது. காங்கேயம் பக்கத்துப் பெரியவர்கள் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்திருப்பார்கள். இரும்புப் பட்டாவை வறட்டி நெருப்பில் சுடுவார்கள். விரிந்ததும் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். அதே விரிவு இங்கேயும் உண்டு. 4 அடி நீளத் தண்டவாளம் 200 டிகிரிக்குப் போகும்போது இரண்டரை மில்லிமீட்டர் வரை நீளும். பின் முனையை மட்டும் பிடிக்கவைத்து, வாசல் பக்கம் வெளித் தண்டவாளத்தோடு சேரும் இடத்தில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் பிரச்னை இல்லை. இடம் விடாமல் இறுக்கினால் தண்டவாளம் வளைந்து மேலே எழும்பும். பிறகு வண்டி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

காற்றுக்கு என்ன செய்வது? வண்டியையே தகடு போட்டு மூடினால் எடை கூடும். தண்டவாளத்தின் மேற்குப் பக்கமாக, தரையிலிருந்து வண்டியின் உயரத்துக்குத் தகரத் தடுப்பு ஒன்று நிறுத்திவிடலாம். ஆனி, ஆடிக் காற்று வருவது அந்தப் பக்கம் இருந்துதான். பக்கத்தில் அரிசி ஆலையோ தேங்காய்க் களமோ இருந்தால் உமித் தூசியையும் அதுவே கொஞ்சம் தடுக்கும். பவுடர் மேல் விழுந்த உமித் தூள் உள்ளேயே வெந்து, கிரில் இருக்கும் வரை முள்ளாய்த் துருத்திக்கொண்டு நிற்கும்.

எர்த் இல்லாத வண்டி வெறும் ஸ்டாண்ட்

பவுடரை இரும்பு இழுக்க வேண்டுமானால், கிரில், கொக்கி, வண்டி, எர்த் கம்பி என்று பாதை அறுபடாமல் இருக்க வேண்டும். கிரிலுக்கும் எர்த்துக்கும் நடுவில் உள்ள மின்தடை ஒரு மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள அளவு. பாதை அறுபடுவது பெரும்பாலும் கொக்கியில்தான். ஒவ்வொரு ஈட்டிலும் கொக்கியின் மேலும் பவுடர் படிந்து வெந்துவிடும். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஐந்தாறு தடவை போனால் கொக்கி பிளாஸ்டிக் உறை போட்டது போல ஆகிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் பவுடர் பிடிக்காது. "பவுடர் சரியில்லை" என்று கடைக்காரர் மேல் கோபம் வரும். கிரில் உட்காரும் இடத்தையும், கொக்கி வண்டியில் தொங்கும் இடத்தையும் ஒவ்வொரு ஈட்டுக்கும் முன்னால் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் வேலை சுத்தம்.

வண்டியின் காலில் ஒரு இடத்தை எப்போதும் பளிச்சென்று தேய்த்து வைத்து, எர்த் கிளிப்பை அங்கே மாட்ட வேண்டும். ஓவனுக்குள் தள்ளும் முன் கழற்ற வேண்டும். மறந்துபோனால் ஒயரின் உறை உள்ளே உருகும். கிளிப்பைக் கழற்றும் வேலை யாருடையது என்பதைத் தினமும் காலையிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

எர்த் இல்லாமல் அடிப்பது பவுடர் நஷ்டத்தோடு முடிவதில்லை. மின்னேற்றம் போக வழி இல்லாமல் வண்டியில் சேர்ந்தால், ஆள் கிட்டே வரும்போது பொறி பறக்கும். காற்றில் அடர்த்தியாக மிதக்கும் பவுடர் அந்தப் பொறியில் தீப்பிடிக்கக் கூடியது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். தண்டவாளத்தில் படிந்த பவுடரை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். மூக்கை மூடும் மாஸ்க் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

வீட்டு ஒயரிங்கும் இதைத் தாங்காது. 6 கிலோவாட் ஓவன், 230 வோல்ட்டில் 26 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் இருக்கும் பெரிய பிளக்கே 16 ஆம்பியருக்குத்தான். தொழிலுக்கென்று மின்வாரியத்தில் தனி இணைப்பு வாங்கி, தனி ஒயர், தனி பிரேக்கர் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சூடான இரும்பு நிறம் மாறாது

வீட்டுப் பட்டறையில் பள்ளி விட்டு வரும் குழந்தைகள் இருப்பார்கள். 200 டிகிரியில் இருக்கும் இரும்பு சிவக்காது, புகையாது. ஆறிய இரும்பைப் போலவேதான் இருக்கும். வெளியே இழுத்து வைத்த வண்டியைச் சாதாரண ஸ்டாண்ட் என்று நினைத்துப் பிடித்தால் உள்ளங்கை போய்விடும்.

அதனால் வண்டியோடு கைப்பிடியைச் சேர்த்து வெல்டிங் வைக்கக் கூடாது. நான்கடி நீளக் கம்பியில் கொக்கி வளைத்து, தள்ளவும் இழுக்கவும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அது எப்போதும் ஓவனுக்கு வெளியே, சுவர் ஆணியில் தொங்கும். தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் தடுப்புக் கட்டை வேண்டும். இல்லாவிட்டால் இழுத்த வேகத்தில் வண்டி ஆள் மேலேயே வரும். வண்டி ஆறும் இடத்தைச் சுற்றித் தரையில் சிவப்புக் கோடு போட்டு, கோட்டுக்குள் யாரும் வரக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்க வேண்டும்.

முதல் ஈடு வெறும் வண்டி

வண்டி தயாரானதும் அதற்கு பெயின்ட் அடிக்கத் தோன்றும். அடிக்கக் கூடாது. பெயின்ட் உள்ளே கருகிப் புகையும். டியூபின் மேல் கடையிலேயே பூசியிருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெறும் வண்டியை ஓவனுக்குள் தள்ளி, புகை போக வழி வைத்து, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். மிச்சம் இருக்கும் எண்ணெய் அதில் போய்விடும். ஆறிய பிறகு ஒரு தடவை உருட்டிப் பார்த்து, சக்கரம் இறுகியிருக்கிறதா, தண்டவாளம் எழும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால், அடுத்த ஈட்டில் பொருள் ஏற்றலாம்.

நம் கொட்டகைக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி செய்ய இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில், ஒரு ஈட்டுக்கு நான்கு கிரில் வீதம் மாட்டினார்கள். வெளியே காற்று அதே காற்றுதான். கணவர் கன்னை வைத்துவிட்டுக் கம்பியை எடுத்தார்.

"கிளிப்பு?"

"கழட்டியாச்சுங்க. தள்ளுங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று ஈடு முடிந்து, 12 கிரிலும் சிவப்புக் கோட்டுக்குள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன.